ஆற்றை எதிர்த்து ஏறிய படகுகள்

ஆற்றின் போக்கோடு செல்வதற்கு மனிதனுக்கு எக்காலத்திலும் யந்திரம் வேண்டியிருந்ததில்லை. நான்கு மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டிவிட்டாற் போதும்; மற்றதை ஆறு பார்த்துக்கொள்ளும். இடர்ப்பாடெல்லாம் திரும்பி வருவதிலேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் ஒகாயோ, மிசிசிப்பி ஆறுகளின் வழியே தானியமும் இறைச்சியும் ஏற்றிச் சென்ற குடியானவர்கள், நியூ ஓர்லியன்ஸ் துறையை அடைந்ததும் சரக்கை விற்றார்கள். பின்னர், தாம் ஏறி வந்த தட்டைப் படகையும் உடைத்துப் பலகையாக விற்றார்கள். அதன் பின் பல நூறு மைல் தூரத்தைக் காட்டுவழியாக நடந்தே ஊர் திரும்பினார்கள். அவர்களுக்கு ஆறு ஒருவழிப் பாதை.

பூமிசாத்திர வகுப்பிலே ஆறுகளைப்பற்றி நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாளில், கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், தண்ணீர் இவ்வளவு வேகமாக இறங்கிற இடத்திலே படகு மேலே ஏறாதா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று மாலை வீட்டுக்குச் சென்று புத்தகங்களைப் புரட்டியபோதுதான், இந்தக் கேள்விக்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்ட மனிதர்கள் உலகத்தின் பல மூலைகளிலும் இருந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. அவர்களுடைய வரலாற்றையே இன்று உங்களிடம் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில், அந்த மாணவன் குறிப்பிட்ட இடம் எத்தகையது என்று பார்ப்போம். ஆறு திடீரெனச் சரிவடைந்து, பாறைகளுக்கிடையே நெருக்குண்டு, நுரையும் இரைச்சலுமாக ஓடும் பகுதியை விரைவோட்டம் என்கிறோம். நீர்வீழ்ச்சியைப்போல அது நேர் குத்தாக விழுவதில்லை. படிப்படியாகச் சறுக்கி இறங்குகிறது. சாதாரண மோட்டார்ப் படகின் சுழல்விசிறி நீருக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். விரைவோட்டத்திலோ நீரின் ஆழம் சில இடங்களில் ஒரு முழங்கூட இராது. விசிறி ஒரு கல்லில் மோதினால் அதன் இதழ் முறியும். இதழ் முறிந்தால் படகுக்குப் பலம் போயிற்று. பலம் போன படகை ஆறு தன் விருப்பப்படி பாறையிலே கொண்டுபோய்ச் சாத்தும். ஆகவே ஆற்றை எதிர்த்து ஏறவேண்டுமானால் விசிறியை நீருக்குள்ளிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்து எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் கிடைத்தன. ஒரு சாரார் விசிறியைத் தூக்கிக் காற்றிலே வைத்தார்கள். மற்றொருவர் அதைப் படகின் வயிற்றுக்குள்ளே ஒளித்து வைத்தார்.

காற்றிலே வைத்தவர்களில் முதல்வராகச் சொல்லத்தக்கவர் நாம் நன்கறிந்த ஒருவரே. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாந்தர் கிரகாம் பெல் தமது முதுமையில் ஆகாய விமான ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். விமானத்துக்குரிய விசிறியையும் யந்திரத்தையும் சோதித்துப் பார்ப்பதற்கு அவருக்கு ஒரு மேடை தேவைப்பட்டது. எனவே 1905ஆம் ஆண்டில், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், ஒரு மிதவையின்மேல் விமான விசிறியை நாட்டி ஏரியிலே விட்டார்கள். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் "அவலட்சண வாத்துக்குஞ்சு". அழகிலும் வேகத்திலும் அந்தப் பெயருக்கு அது பொருத்தமாகவே இருந்ததாம். ஆயினும் விசிறிப் படகு என்ற இனத்துக்கு அதுவே மூதாதை.

சில ஆண்டுகளின் பின் பிரான்சிலே லம்பேர் பிரபு என்பவர் இக்கருத்தை எடுத்துக்கொண்டார். அவர் விமானம் ஓட்டக் கற்றது வில்பர் ரைட்டிடம். 1909இல் பாரிஸ் நகரின் ஐபல் கோபுரத்தைச் சுற்றிப் பறந்து புகழ் பெற்றவர். விசிறியால் உந்தப்படும் படகுகளை அவர் நீர்ச்சறுக்கிகள் என்று பெயரிட்டுச் செய்தார். முதல் உலக யுத்தத்தின்போது, 1915இல், மெசப்பொத்தேமியாவில் போரிட்ட பிரித்தானியப் படையினரும் விசிறிப் படகுகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அங்குள்ள ஆறுகள் அகலமானவை, ஆழமில்லாதவை, மணல் திட்டுகள் நிறைந்தவை.

ஆயினும் இன்று நாம் காணும் விசிறிப் படகு போர்க்களத்திலே பிறந்ததன்று. அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தில் பெயர் ஆறு என்னும் ஆற்றின் முகத்தில் பெரியதொரு பறவைச் சரணாலயம் இருக்கின்றது. அங்குள்ள நீர்ப்பறவைகள் ஒருவகை நச்சு நோயால் ஆயிரக்கணக்கில் மடிந்தன. நோயுற்ற பறவைகளைச் சேற்றிலும் கோரையிலும் தேடி எடுத்து மருந்திட்டாற் பிழைக்கும். ஆனால், சேற்றிலே நடக்கவும் முடியாது, படகு விடவும் முடியாது. 1943இல் சரணாலயத்தின் ஊழியர்கள், அலுமினியத் தகட்டினால் அடி தட்டையான ஒரு படகைச் செய்து அதன் பின்புறத்தில் பழைய விமான யந்திரமொன்றைப் பூட்டினார்கள். அதற்கு "முதலை" என்று பெயர் வைத்தார்கள். யூற்றாவில் முதலைகளே கிடையா என்பது வேறு விஷயம்! பெயர் எதுவாயினும், பறவைகளைக் காப்பாற்றுவதற்குச் செய்த அந்தத் தட்டையடிப் படகின் அமைப்பே இன்றுவரை நிலைத்திருக்கிறது.

அந்த அமைப்பைச் சிறிது விளக்க வேண்டும். படகின் பின்புறத்தில் கம்பிக் கூண்டுக்குள்ளே பெரிய விசிறி சுழல்கின்றது. அதற்குப் பின்னால் இரண்டு மூன்று செங்குத்தான தகடுகள் நிற்கின்றன. விசிறி தள்ளும் காற்று அந்தத் தகடுகளில் மோதும். தகட்டைத் திருப்பினாற் படகு திரும்பும். ஓட்டுபவர் உயரமான ஆசனத்தில் இருந்து நாணலுக்கு மேலால் வழியைப் பார்க்கின்றார். தடை என்ற சாதனம் இதற்குக் கிடையாது. பின்னோக்கிச் செல்லும் வசதியும் வழக்கமாக இல்லை. இன்னொன்றும் உண்டு: காற்றின் வேகம் இருக்கும்வரைக்குந்தான் தகடுகள் வேலை செய்யும். யந்திரத்தின் வேகத்தைக் குறைத்தாற் படகைத் திருப்பும் சக்தியும் உடனே குறைந்துவிடும். அதாவது, பயம் வந்த நேரத்திலே நாம் இயல்பாகச் செய்யக்கூடிய காரியம் எதுவோ அதுவே இங்கு ஆபத்தான காரியம். பாறை எதிரே வரும்போது வேகத்தை விடாமற் பிடித்துக்கொண்டு திருப்பவேண்டும். இதைப் புத்தகத்தைப் படித்துக் கற்க முடியாது.

குளிர் நாடுகளில் இப்படகுக்கு மற்றுமொரு சிறப்பு உண்டு. அலாஸ்காவிலே தனனா போன்ற ஆறுகள் பனிப்பாளங்கள் உருகுவதாற் பெருகுபவை. குளிர்காலம் தொடங்கியதும் உருகுதல் நின்றுவிடுகிறது, நீர்மட்டம் இறங்குகிறது, பரற்கற்கள் தலைகாட்டுகின்றன, கரையோரமெங்கும் பனிக்கட்டி படிகிறது. நடுவில் மட்டும் கரிய நீர் ஓடிக்கொண்டிருக்கும். அந்நிலையில் மற்றைய படகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்துவிடுவதே வழக்கம். விசிறிப் படகோ நீரிலிருந்து பனிக்கட்டியின்மேல் ஏறி, சறுக்கிச் சென்று, மறுபுறத்தில் மீண்டும் நீரிலே இறங்கும். குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது. ஆதலால் விசிறியின் உந்து பலமும் அப்போது சற்று அதிகம். சோவியத் நாட்டிலே புகழ்பெற்ற விமானச் சிற்பி துப்பொலெவின் நிலையத்தினர் 1960களில் இதே நோக்கத்தோடு, பனியிலும் நீரிலும் ஒருங்கே செல்லும் விசிறி வண்டியொன்றைச் செய்தனர். ஆறு முழுவதும் உறைந்திராமலும் முழுவதும் உருகியிராமலும் இருக்கும் இரண்டுங்கெட்ட வாரங்களில், ஒதுக்குப்புறமான ஊர்களுக்குத் தபால் கொண்டுசெல்ல அது பயன்பட்டது.

அந்தக் குளிரிலே வேடிக்கைக்காகவும் பயிற்சிக்காகவும் விரைவோட்டங்களில் படகு விடுவோரும் இருக்கின்றார்கள். நமது வெப்ப நாட்டில் இருந்துகொண்டு கேட்பதற்கு இது பைத்தியக்காரத்தனமாகவே தோன்றும். சிதறும் நீர்த்துளி விசிறியிலும் தகட்டிலும் பட்டவுடனே உறைகிறது. உறைந்த பனி ஒரு புறத்தில் மட்டும் சேருமானால் விசிறி நடுங்கத் தொடங்கும். தவறி ஆற்றிலே விழுந்தால் என்ன நேரும் என்பதைக் குளிர்நீர் ஆராய்ச்சியாளர் மிகச் சுருக்கமாகக் கணக்கிட்டுக் கூறியிருக்கிறார்கள். முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். அதன்பின் ஏறக்குறைய 10 நிமிடங்களுக்குக் கைகால் சொன்னபடி கேட்கும். அதற்குள்ளேதான் ஏதும் செய்துகொள்ள வேண்டும். நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகலாம். குளிரில் உடனே உயிர் போய்விடும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. உயிர் இருக்கும்; ஆனால், கயிற்றை எட்டிப் பிடிக்கக் கையிராது.

வேடிக்கை என்றேன். ஒருவனுடைய வேடிக்கை இன்னொருவனுக்கு எந்த வேளையில் உதவும் என்று சொல்ல முடியாது. புளோறிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விசிறிப் படகுகள் நெடுங்காலமாகத் தவளை பிடிப்பவர்களின் வாகனமாக இருந்து வந்திருக்கின்றன. இரவிலே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கோரைக்குள் தவளை வேட்டையாடுவார்கள். 1972ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன்னர், நியூயோர்க்கிலிருந்து 176 பேருடன் மயாமிக்கு வந்த பெரிய ஜெற் விமானமொன்று அந்தச் சதுப்பிலே வீழ்ந்தது. சக்கரம் இறங்கியதைக் காட்டும் சிறியதொரு விளக்கு எரியாததைப்பற்றி விமானிகள் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, விமானம் மெல்ல மெல்லத் தாழ்ந்து வந்ததை எவரும் கவனிக்கவில்லை. அன்றிரவு தவளை வேட்டைக்கு வந்திருந்த ஒருவர் தூரத்திலே எழுந்த தீப்பிழம்பைக் கண்டார். சாலையால் எவரும் வரமுடியாத அந்த இடத்துக்கு அவருடைய படகுதான் முதலிற் போய்ச் சேர்ந்தது. எரிபொருள் கலந்த நீரில் இறங்கி, தாமும் புண்பட்டு, முகம் நீரில் ஆழ்ந்துகிடந்தவர்களை நிமிர்த்தினார். தமது தலைவிளக்கை ஆட்டி ஹெலிகொப்ரர்களுக்கு இடம் காட்டினார். அந்த விபத்தில் 101 பேர் இறந்தனர்; 75 பேர் பிழைத்தனர். பிழைத்தவர்களுட் சிலர் அந்தத் தவளைக்காரரைப் பல்லாண்டுகளின் பின்பும் மறக்கவில்லை.

இனி இரண்டாவது விடைக்கு வருவோம். விசிறிப் படகு சதுப்பிலும் பனியிலும் ராஜா. ஆனால், பெரிய அலைகள் எழும் விரைவோட்டத்தில் அதற்குச் சில குறைகள் உண்டு. அதன் பாரமெல்லாம் மேலே இருக்கிறது, விளிம்பு தாழ்ந்திருக்கிறது. ஆழ்ந்த அலையொன்று முன்புறத்தில் ஏறினால் நீர் உள்ளே வந்துவிடும். குறுக்கே வீசும் காற்றும் அதை இழுத்துச் செல்லும். அதன் இரைச்சலையோ சொல்லவேண்டியதில்லை. காதைப் பொத்திக்கொள்ளாமல் அருகே நிற்க முடியாது. இந்தக் குறைகள் இல்லாத ஒரு படகை, கடலிலிருந்து வெகு தொலைவில், மலைநாட்டு ஆட்டுப் பண்ணையொன்றிலே இருந்துகொண்டு ஒருவர் செய்து முடித்தார்.

அவர் பெயர் வில்லியம் ஹமில்ற்றன். 1899இல் நியூசிலாந்திற் பிறந்தவர். 1921இல் அந்நாட்டின் தென் தீவிலுள்ள மக்கென்சி மேட்டு நிலத்தில் ஐரிஷ்மன் கிறீக் என்ற ஆட்டுப் பண்ணையை வாங்கினார். குளிர்காலத்தில் நீர்நிலைகள் உறைந்துபோகும் பிரதேசம் அது. அங்கே மின்சாரம் இல்லை. ஆகவே ஓடையை மறித்துத் தாமே ஓர் அணை கட்டி மின்சாரம் எடுத்தார். அணை கட்டுவதற்கு மண் வெட்டும் யந்திரம் வேண்டும். அதையும் தாமே செய்தார். அந்த யந்திரங்கள் பின்னர் ஒரு தொழிற்சாலையாகப் பெருகின. மோட்டார்ப் பந்தயத்திலும் அவருக்கு மோகம் உண்டு. 1930இல் இங்கிலாந்தின் புறூக்லன்ட்ஸ் பந்தயத் திடலிற் பென்ற்லிக் காரை ஓட்டி வெற்றி பெற்றிருக்கிறார். இத்தகைய மனிதருக்குத் தம்முடைய ஊர் ஆற்றிலே படகில் ஏறிப்போக முடியவில்லை என்பது மனக்குறையாகவே இருந்தது.

மக்கென்சி நாட்டு ஆறுகள் பனிமலைகளில் இருந்து வருபவை. மலைப்பாறையைப் பனிப்பாளம் அரைத்த மாவு நீரிலே கலந்திருப்பதால் அவை பால் கலந்த நீல நிறமாகக் காணப்படும். பரற்கற்களின்மீது பல கிளைகளாகப் பிரிந்தும் சேர்ந்தும் பெண்களின் பின்னலைப்போல ஓடும். வேகம் அதிகம், ஆழமோ சாண் கணக்கு. நீரைப் பின்புறமாகப் பீறிட்டுத் தள்ளிப் படகை முன்னே செலுத்தலாம் என்ற எண்ணம் ஹமில்ற்றனுக்கு முன்பே பலருக்கு இருந்தது. நூல்களிலும் அது பழையது. அவர் 1953ஆம் ஆண்டளவில் அந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். முதலிற் செய்த படகில் நீரைத் தள்ளும் குழாய்வாய் படகின் அடிக்குக் கீழே இருந்தது. அதன் வேகம் திருப்தியாக இல்லை. பின்னர் அந்தக் குழாய்வாயைப் படகின் பின்சுவரில், நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்து வைத்தார். நீரை நீருக்குள்ளே தள்ளாமல் வெளியே காற்றிலே பீறிடச் செய்தவுடன் படகின் வேகம் குறிப்பிடத்தக்க அளவு ஏறிற்று. மாற்றம் சிறியதுதான். அதைக் கண்டபின் எல்லாருக்கும் அது எளிது. அதற்கு முன் முயன்றவர்கள் ஏன் தவறினார்கள் என்று கேட்டால், அவர்களிற் பெரும்பாலோர் ஆழமான நீரிலே சோதனை செய்தவர்கள். இவருடைய வாசலிலோ சாண் ஆழ ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வாறு ஜெற் படகு பிறந்தது. படகின் அடியிலுள்ள கம்பி வலையூடாக நீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் விசிறியால் அழுத்தி, பின்னாற் பீறிட்டு அடிப்பதே அதன் தொழில். அடியிலே எதுவும் நீட்டிக்கொண்டிராதபடியால், வேகமாகச் செல்லும்போது சில அங்குல நீர் இருந்தாலும் போதும். பீறிடும் நீரைத் திசை மாற்றினாற் படகு தன் நீளத்துக்குள்ளேயே சுழன்று திரும்பும். அந்த நீரின்மீது ஒரு மூடியை இறக்கினால் முன்னோக்கி அடித்துப் படகை நிறுத்தும். விசிறிப் படகுக்கு இல்லாத தடை இதற்கு வாய்த்தது. 1956இல் அவர் செய்த யந்திரங்களுக்கு ரெயின்போ, சினூக் என்று பெயரிட்டார். முன்னையது ஒரு நன்னீர் மீன்; பின்னையது முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறி மலையோடைகளை அடையும் சாமன் இனத்து மீன். பெயரிடத் தெரிந்த மனிதர்.

இவ்வளவும் இருந்தாலும் விரைவோட்டத்தை எதிர்த்து ஏறுவது யந்திரத்தின் காரியம் மட்டுமன்று. நுரை என்பது பாதி காற்று. யந்திரம் நுரையை உறிஞ்சினால் உள்ளே விசிறி வெறுமனே சுற்றும். உந்தும் பலம் அந்தக் கணமே இல்லாமற் போகும். (இந்த ஒரு விடயத்தில் விசிறிப் படகே மேலானது, அது எப்போதும் காற்றைத்தானே தள்ளுகிறது.) ஆகவே ஓட்டுபவர் நுரையில்லாத, கண்ணாடி போன்ற நாக்கு நீரைத் தேடவேண்டும். பெரிய பாறைகளின் பின்னால் நீர் மேல்நோக்கிச் சுழலும். அங்கே ஒதுங்கி மூச்சு வாங்கலாம். அங்கிருந்து அடுத்த பாறை. ஒரு படியைத் தவறவிட்டாற் படகு குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பிய படகை ஆறு கவிழ்த்துவிடும். ஹமில்ற்றனும் அவருடைய மகன் ஜோனும் நண்பர்களும் தமது ஊர் ஆறுகளில் ஓயாமல் ஓடி விளையாடிக் கற்ற வித்தை இது. விளையாட்டு என்ற சொல்லைத் தெரிந்தேதான் சொல்கிறேன். எவரும் அவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கவில்லை.

அந்த விளையாட்டுக்குப் பரீட்சை 1960இல் வந்தது. அமெரிக்காவின் கொலறாடோ ஆறு, பெரும் மலைப் பிளவு என்று உலகம் போற்றும் கிறான்ட் கன்யனூடாக ஓடுகின்றது. அதன் நீளம் 277 மைல். ஆற்றின் இருபுறமும் ஏறக்குறைய ஒரு மைல் உயரத்துக்குப் பாறைச் சுவர். 1869இல் அதற்குள் முதன்முதலாகப் படகு விட்டவர் போவெல் என்னும் விஞ்ஞானி. உள்நாட்டுப் போரிலே ஒரு கையை இழந்தவர் அவர். 10 பேரும் 4 படகுகளுமாகப் புறப்பட்ட அந்தப் பயணம் 6 பேரும் 2 படகுகளுமாக முடிந்தது. ஒருவர் தொடக்கத்திலேயே விலகினார். மூவர், இனி இந்த ஆற்றை நம்ப முடியாது என்று பயணம் முடிவதற்கு 2 நாள் இருக்கையிற் பிரிந்து மலையேறிச் சென்று, உயிரோடு திரும்பவில்லை. அது ஆற்றின் போக்கோடு சென்ற பயணம். எதிர்த்து மேலே செல்வது என்பது எவருடைய கணக்கிலும் இருக்கவில்லை.

ஹமில்ற்றன் யந்திரம் பூட்டிய படகுகள் முதலிற் கீழ்நோக்கிச் சென்றன. திரும்பி வரும்போது வேண்டிய எரிபொருளை வழியிலே ஆங்காங்கு வைத்துச் சென்றன. பின்னர் மீட் ஏரியின் பக்கத்திலிருந்து மேல்நோக்கித் திரும்பின. எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைகளுக்கிடையே வல்கன் என்றும் லாவா அருவி என்றும் பெயர் பெற்ற விரைவோட்டம் ஒன்று இருக்கின்றது. அதன் இரைச்சல் அங்கு போய்ச் சேருவதற்கு வெகு நேரம் முன்பே கேட்கும். அதைக் கடப்பது எளிதிற் கைகூடவில்லை. ஜோன் ஹமில்ற்றன்தான் அந்த இடத்திற் படகை மேலே கொண்டுசென்றவர். ஒன்றை ஏற்றி வைத்துவிட்டு, இறங்கி வந்து, மற்றதையும் ஏற்றினார். பயணத்தின் போது சிறிய படகு ஒன்றை ஆறு விழுங்கிக்கொண்டது. மற்றவை 1960 ஜூலையில், புறப்பட்ட துறையாகிய லீஸ் பெறியை மீண்டும் வந்தடைந்தன. கிறான்ட் கன்யன் முழுவதையும் நீர்வழியாக எதிர்த்து ஏறிய பயணம் வரலாற்றிலே அது ஒன்றேதான். தேசிய பூங்கா அதிகாரிகள் பின்னர் அத்தகைய பயணத்துக்கு இடமளிக்கவில்லை.

அவர்கள் அனுமதியாமை நியாயம் என்றே நான் கருதுகிறேன். அந்தப் பள்ளத்தாக்கின் அமைதிக்கு ஒருமுறை யந்திர ஓசை போதும். அன்றியும், ஜோன் ஹமில்ற்றன் எதிர்த்து ஏறிய அந்த ஆறு இப்போது இல்லை. 1963ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், லீஸ் பெறிக்கு மேலே கிளென் கன்யன் அணையின் வாயில்கள் மூடப்பட்டன. கோடையிற் செம்மண் கலந்து வெதுவெதுப்பாக ஓடிய கொலறாடோ, அணையின் ஆழத்திலிருந்து திறந்துவிடப்படும் தெளிந்த, மிகக் குளிர்ந்த நீராயிற்று. கொளுத்தும் வெயிலில் நின்றுகொண்டு அந்த நீரிலே கை வைத்தாற் கை விறைக்கும். அங்கு வாழ்ந்த மீன்களிற் சில அந்தக் குளிரைத் தாங்கமாட்டாமல் அருகிப்போயின. 1960இல் மேலேறிய அந்தப் படகுகள் அறிந்தோ அறியாமலோ பழைய ஆற்றிடம் கடைசியாக விடைபெற்றுக்கொண்டு சென்றன.

ஹமில்ற்றன் படகுகளைப் பின்னர் தமது சொந்தக் கனவொன்றுக்குப் பயன்படுத்தியவர் அவருடைய நாட்டவரான எட்மண்ட் ஹில்லரி. 1953 மே 29இல் தென்சிங்குடன் எவரெஸ்ட் சிகரத்தை மிதித்த அதே ஹில்லரிதான். 1968இல் நேபாளத்தின் சன் கோசி ஆற்றில் ஜெற் படகு ஓட்டிப் பார்த்தார். கங்கையைக் கடல்முகத்திலிருந்து மலைவரை ஏறவேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது. இதற்கிடையில், 1975 மார்ச்சில் கத்மண்டுவுக்கு அருகே நேர்ந்த விமான விபத்திலே தம் மனைவியையும் இளைய மகளையும் ஒருசேரப் பறிகொடுத்தார். 1977இல் அவர் கங்கைப் பயணத்தைத் தொடங்கியபோது அவருடைய மகன் பீற்றர் உடனிருந்தார். படகோட்டிகளுக்குத் தலைவராக ஜோன் ஹமில்ற்றன் இருந்தார். துயரத்தை மறக்கச் சென்றார் என்று சிலர் எழுதுவார்கள். அதை நான் எப்படி அறிவேன்? சென்றார் என்பது மட்டும் வரலாறு.

மூன்று படகுகள். "கங்கா", "எயர் இந்தியா", "கிவி" என்பன அவற்றின் பெயர்கள். 1977 ஆகஸ்டில் வங்காள விரிகுடாவின் கரையில், கங்கை கடலொடு கலக்கும் கங்கா சாகரிலிருந்து புறப்பட்டன. காசி, பிரயாகை, அரித்துவாரம் ஆகிய தலங்களைத் தமிழர்க்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இராமேஸ்வரத்துக் கடல் மணலைக் கங்கையிற் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதனுக்கு ஆட்டிய முன்னோர் பலர் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருந்திருப்பார்கள். அந்த யாத்திரை வழியில் வெள்ளைக்காரர் மூன்று யந்திரப் படகுகளிற் பாய்ந்து வந்தபோது மக்கள் கோபிக்கவில்லை. அதுவே எனக்கு வியப்பு. கரையெங்கும் ஆயிரமாயிரமாகக் கூடி நின்றார்கள், மாலையிட்டார்கள், பூசை செய்தார்கள். கடலிலிருந்து கங்கோற்பத்தி வரை செல்பவன் எந்தத் தேசத்தவனாயினும் யாத்திரிகனே என்பது அவர்கள் கொள்கை போலும். ஹில்லரியும் அந்த வரவேற்பை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில், 1985 முதல் 1989 வரை, அவரே நியூசிலாந்தின் தூதராக இந்தியாவிலே பணியாற்றினார்.

அரித்துவாரத்துக்கு மேலே கங்கை மலையாறு. தேவப்பிரயாகையிலே பாகீரதியும் அலகநந்தாவும் கூடுகின்றன. படகுகள் அலகநந்தாவின் வழியே சென்றன. மழைக்காலம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பனிமலையிலிருந்து வரும் சாம்பல் நிற வெள்ளம், கைபட முடியாத குளிர்ச்சியோடு இடுங்கிய பிளவுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. மக்கென்சி நாட்டின் சாண் ஆழ ஓடைகளிற் கற்ற வித்தையும், வல்கன் பாறைகளிலே பெற்ற துணிவும் அங்கு வேலைக்கு வந்தன. உருத்திரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை என்று சங்கமம் சங்கமமாகப் படகுகள் ஏறின. நந்தப்பிரயாகைக்கு அருகே ஆற்றின் குறுக்கே நேர்குத்தாக ஒரு நீர்வீழ்ச்சி நின்றது. விரைவோட்டம் படி, நீர்வீழ்ச்சி சுவர். அங்கே படகுகள் நின்றன. கடலிலிருந்து ஏறத்தாழ 1,500 மைல்.

இன்று அவ்வளவு தூரமும் எவரும் செல்ல இயலாது. அலகநந்தாவிலே கார்வால் ஸ்ரீநகருக்கு அருகே கட்டப்பட்ட நீர்மின் அணை 2015இல் இயங்கத் தொடங்கிற்று. அரித்துவாரத்துக்கு மேலே ரிஷிகேசத்துப் பக்கத்தில் மட்டும், இளைஞர்கள் ரப்பர் மிதவைகளில் ஏறிக்கொண்டு, குளிர்காலத்திலும் விரைவோட்டங்களில் ஆற்றின் போக்கோடு இறங்கி மகிழ்கின்றார்கள்.

படகை விட்ட ஹில்லரி, யாத்திரிகர் செல்வதுபோலவே பத்ரிநாத்துக்கு மேலே கால்நடையாகச் சென்றார். ஆகாயத்தைத் தொட்டே முடிப்பது என்பது அவர்கள் திட்டம். அதற்கென ஒரு பனிச் சிகரத்தையும் தெரிந்து வைத்திருந்தார்கள். ஆனால், எவரெஸ்ட்டை மிதித்த அந்த மனிதருக்கு 58 வயது ஆகியிருந்தது. ஏறக்குறைய 18,000 அடி உயரத்திலே உயர்மலை நோய் அவரைப் பற்றிக்கொண்டது. நினைவு தடுமாறியது. மகன் பீற்றரும் தோழர்களும் அவரைக் கூடாரத் துணியோடு சுற்றிப் பனியின்மேல் இழுத்துக் கீழே கொண்டுவந்தார்கள். அங்கிருந்து அவரை ஏற்றிச் சென்றது ஒரு ஹெலிகொப்ரர். உடன் வந்தவர்களிற் சிலர் சிகரத்தை அடைந்தார்கள்.

என் மாணவனுக்கு மறுநாள் வகுப்பிலே, ஏறும் என்று சொன்னேன். "எவ்வளவு தூரம், சேர்?" என்று கேட்டான். தேசப்படத்தை விரித்து, நந்தப்பிரயாகை இருக்குமிடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.